ஓரத்தில் பெயர் எழுதுபவர்

கேலிப் படம் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் பக்கத்து வீட்டுக்காரரை அதில் கண்டுபிடித்துவிடும் மனிதரை உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்காது. பாரிஸில், பங்குச் சந்தைக்குப் பின்னால், கண்ணாடிக் கூரை போட்ட கடைச் சந்துக்குள் வந்து மதாம் புஷாரின் படக்கடை ஜன்னல் முன்னால் நில்லுங்கள். காலை பத்து மணிக்குள் அப்படிப்பட்ட நாற்பது பேரை எண்ணிவிடலாம். மழை பெய்தால் அறுபது.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஓரத்தில் பெயர் எழுதுபவர்'. அந்தப் பெயர் ஏன் என்று சொல்கிறேன். இந்த இனத்தால் என் அப்பாவின் ஒரே சொத்தான திராட்சைத் தோட்டம் ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குள் நத்தைகளின் வாய்க்குள் போக இருந்தது, அதையும் சொல்கிறேன். முதலில் இவரை நன்றாகப் பார்த்துவிடுங்கள்.

இவர் பெரும்பாலும் பணம் சம்பந்தப்பட்டவர். வங்கிக்காரர், தரகர், நோட்டரி, கம்பெனி தொடங்குபவர், கம்பெனியில் பங்கு வாங்குபவர், வாங்கியதை விற்க வழி தேடுபவர். ஏனென்றால் எங்கள் ஜன்னலில் தொங்கும் படங்களும் இவர்களைப் பற்றியவைதாம். கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு அவசரமாகப் போகிறவர் ஜன்னலருகே வந்ததும் நிற்பார். கண்ணாடியை மூக்கில் ஏற்றுவார். படத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்ப்பார். வாயின் ஒரு முனை மேலே போகும், பிறகு மறுமுனை, அப்புறம் கன்னம், கடைசியில் சட்டைக்குள் இருக்கும் வயிறு தனியாகக் குலுங்க ஆரம்பிக்கும். உடனே பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரின் விலாவில் இடிப்பார்.

"அப்படியே நம்ம துய்ஃபோதான்! அந்த மூக்கப் பாருங்க!"

பக்கத்தில் நிற்பவர் மறுக்க மாட்டார். அவருக்கு மனத்தில் வேறொரு பெயர் இருக்கிறது.

வங்கிக்காரரைக் கேலி செய்து படம் போட்டால் வங்கிக்காரர் வந்து அதில் நோட்டரியைப் பார்ப்பார். நோட்டரி வந்து தரகரைப் பார்ப்பார். தரகர் வந்து வங்கிக்காரரைப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்து, துடைத்துக்கொண்டு போவார். எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாகிவிட்டது. அப்படியானால் வரையப்பட்டவன் யார்? அவன் மட்டும் அந்த ஊரிலேயே இல்லை.

சிலர் சிரிப்பதோடு நிறுத்துவதில்லை. படத்தை விலைக்கு வாங்கி, வண்ணம் தீட்டியதாகவே கேட்டு வாங்கி, அனுப்புபவர் பெயரில்லாமல் தங்கள் எதிரிக்குத் தபாலில் அனுப்புவார்கள். இரண்டு நாளில் அதே படம் அவர்கள் வீட்டுக்கும் வந்து சேரும். அதைப் பிரித்துப் பார்த்து மனைவியிடம் என்ன சொல்வார்கள் தெரியுமா?

"பாத்தியா, எவனோ எனக்கும் ஒண்ணு அனுப்பியிருக்கான். நான் இதையெல்லாம் ரசிக்கிறவன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு!"

இனி பெயர்க் காரணம். மதாம் புஷார் படங்களை விற்பதோடு, ஆல்பங்களாகக் கட்டி வாடகைக்கும் விடுகிறார். வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள், பேசுவதற்கோ ஒன்றும் இல்லை, என்ன செய்வது? மாலையில் ஆல்பத்தை வாங்கிப் போய், மேசையில் விரித்து வைத்து, கோழிக்கறிக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சிரித்துவிட்டு, காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. அப்படித் திரும்பி வரும் ஆல்பத்தில் மெழுகு சொட்டியிருக்கும். குழம்பு தெறித்திருக்கும். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பென்சிலால் பெயர்கள் எழுதியிருக்கும்.

அந்தப் பெயர்களை அழிப்பது என் வேலை. ரொட்டியின் மேல்தோலை உரித்து, உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியை உருண்டையாகப் பிசைந்து, காகிதம் நோகாமல் தேய்க்க வேண்டும். தினம் அரை ரொட்டி தீர்ந்துவிடும்.

"லெஜே, ரொட்டிய அழிக்கத்தான் குடுத்தேன், திங்க இல்ல" என்பார் மதாம் புஷார், தலை நிமிராமலே.

"தோலத்தான் தின்னேன் மதாம்."

"பதினேழாம் பக்கத்துல இன்னிக்கு யாரு?"

"மூணு பேர். துய்ஃபோ, அப்புறம் ஒரு மாமனார், அப்புறம் துய்ஃபோவே ரெண்டாந்தடவை, வேற கையெழுத்துல."

"நேத்து ஆல்பத்த எடுத்துட்டுப் போனது யாரு?"

"துய்ஃபோ."

ஒரே ஒரு நாள் அழிக்க மறந்துவிட்டேன். அன்று அந்த ஆல்பத்தை எடுத்துப் போன நோட்டரியின் பெயரே, முழுப் பெயரே, ஒரு படத்தின் ஓரத்தில் இருந்தது. மறுநாள் முகமெல்லாம் மலர்ச்சியோடு திரும்பி வந்தார். "ஏம்மா, என் பேருலயே இந்த ஊர்ல இன்னொரு நோட்டரி இருக்கான் போலிருக்கே! எவ்வளவு கேவலமான ஆளு!"

நான் அந்தக் கடையில் இரண்டு வருஷம் ரொட்டி தேய்த்தேன். ஆயிரக்கணக்கான பெயர்களை அழித்திருப்பேன். 'இது நான்' என்று ஒருவர்கூட எழுதியதில்லை. ஒருவர்கூட.

ரொட்டி தேய்ப்பதோடு படங்களின் அடியில் வரும் இரண்டு வரி வசனத்தையும் நான்தான் எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலிருந்து கிளம்பி, பாரிஸ் வந்து சட்டம் படித்து, பட்டத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, அது எதற்குப் பயன்படும் என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு இரண்டு வரி வசனம் எழுதுவது பெரிய காரியமாகத்தான் பட்டது. சந்தையைப் பார்த்து நாலு பேர் சிரிக்க வழி செய்கிறேன், கொஞ்சமாவது உண்மையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டு எத்தனை நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இந்த இனத்தின் அரசர் என்று நான் சொல்வது முசியே கொர்பினோவை. 'பர்கண்டி நத்தைகள் பொதுக் கம்பெனி'யைத் தொடங்கியவர். எங்கள் பர்கண்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் மழை நின்றதும் வேலியெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்குமே நத்தைகள், அவற்றையெல்லாம் திரட்டி, புதிதாக வரப்போகும் ரயிலில் ஏற்றி, பாரிஸ் முழுவதற்கும் பூண்டும் வெண்ணெயும் போட்டு ஊட்டிவிடுவதாகத் திட்டம். ரயில் பாதை இன்னும் போடவில்லை. நத்தைகளுக்கும் யாரும் தகவல் சொல்லவில்லை. ஆனால் பங்குப் பத்திரம் அச்சாகிவிட்டது, ஓரத்தில் கொடி போட்டு, நடுவில் தங்க நிறத்தில் ஒரு நத்தையோடு.

இவரை எங்கள் ஓவியர் ஃபிர்மேன் லகாஷ் விடுவாரா? அச்சுக் கல்லில் வரைந்து கொடுத்துவிட்டார். ஒரு ராட்சத நத்தை. அதன் ஓட்டின் மேல் உயரத் தொப்பியோடு கொர்பினோ, அதே மூன்று தாடை, அதே தொங்கும் காது வளையம், கையில் கடிவாளம். நத்தைக்குப் பின்னால் பங்குதாரர்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் மரச்செருப்பு போட்ட ஒரு விவசாயி. அவருடைய பெரிய காதில் புனலை வைத்து, மேல்கோட்டு அணிந்த ஓர் இளைஞன் தேன் ஊற்றிக்கொண்டிருக்கிறான். கீழே என் வசனம்:

'லாபம் எப்ப வரும் முசியே?'
'கிளம்பியாச்சு ஐயா. வந்துக்கிட்டே இருக்கு.'

இதை எழுதியபோது நானே சிரித்தேன். ஃபிர்மேன் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மூலையில நல்லாப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன், பாத்தேன். அந்தத் தேன்காரன் பிரமாதம். அப்படியே அந்தப் பத்திரிகைக்காரன் ழாலாபெர்தான்!"

ஃபிர்மேன் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டார்.

படம் ஜன்னலில் ஏறிய அன்று கொர்பினோ வந்தார். மதாம் புஷார் கல்லாவைப் பூட்டிச் சாவியை மார்புக்குள் போட்டுக்கொண்டார். வழக்கு வரும், கண்ணாடி உடையும், இரண்டில் ஒன்று நிச்சயம். கொர்பினோ பார்த்தார். மூன்று தாடையும் முறைப்படி ஒவ்வொன்றாக ஆடின. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஜன்னலில் பட்டது.

"தார்ப்ளே!" என்று கத்தினார். "அசல் தார்ப்ளே! நத்தை மேல போறான் பாரு, எத்தன்! மதாம், வண்ணம் போட்டதுல ஒரு டஜன் குடுங்க!"

தார்ப்ளே என்பவர் எதிர்ச் சாரியில் தார்க் கம்பெனி நடத்துபவர். ஒல்லி. நத்தைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கொர்பினோ ஒரு படத்தைச் சட்டம் போட்டுத் தன் அலுவலகத்தில், பங்கு வாங்க வருபவர்கள் காத்திருக்கும் கூடத்திலேயே மாட்டினார். நான் போய்ப் பார்த்தேன். சுவரில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு வரிசை. அதன் கீழே, அதைப் பார்த்து வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு இன்னொரு வரிசை. "இப்படியும் முட்டாள்கள் இருப்பாங்களா!" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராக முன்னே நகர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். படம் வந்த பிறகு பங்கு இரண்டு மடங்கு விற்றதாம். காத்திருக்க அலுப்பாக இல்லையே.

இந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து பள்ளி ஆசிரியர் கைப்பட எழுதிய ஒரு கடிதம் வந்தது. அப்பா தோட்டத்தைக் கொடுத்து நத்தைப் பங்கு வாங்கப்போகிறார். கம்பெனி நிலப் பத்திரத்தையும் ஏற்றுக்கொள்கிறதாம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பங்குப் புத்தகத்தை மூடிவிடுவார்கள் என்பதால் வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறார்.

வந்தார். முக்கியமான எதையும் தொப்பிக்குள் வைத்துக்கொள்வது அவர் வழக்கம்; பத்திரத்தையும் அங்கேதான் வைத்திருந்தார். அதனால் பாரிஸ் வந்ததிலிருந்து யாருக்கும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லவில்லை. என் அறையில் இரவு வெங்காய சூப் குடிக்கும்போதும் தொப்பியோடுதான் குடித்தார்.

"அப்பா, அது ஏமாத்துக் கம்பெனி. வேணாம்."

"உனக்கு என்னடா தெரியும்? நீ படிச்சவன். வாத்தியார் ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல அந்தக் கம்பெனியோட அறிக்கைய வாசிச்சாரு. எனக்கு மனப்பாடம். கேளு: 'ஆட்டுக்குக் கொட்டகை வேண்டும், கோழிக்குக் கூடு வேண்டும், தன் வீட்டைத் தானே சுமந்துகொண்டு சந்தைக்கு வரும் ஒரே ஜீவன் நத்தையே.' எப்படி? பாரிஸ்ல எவனோ பெரிய மனுஷன் எழுதியிருக்கான். அழுகை வந்துருச்சு எனக்கு. உங்கம்மா நிஜமாவே அழுதுட்டா."

நான் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பதினொன்றரைக்கு அவரை நேராக எங்கள் ஜன்னலுக்கு அழைத்துப் போனேன். வாயால் சொன்னால் நம்பாதவர் கண்ணால் பார்த்தால் நம்புவார் என்று எனக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது. தினமும் அரை ரொட்டி தேய்த்தவனுக்கு அது வந்திருக்கக் கூடாத நம்பிக்கை.

அப்பா நத்தையைப் பார்த்தார். அதன் மேல் இருந்தவரைப் பார்த்தார். தொப்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"நோட்டரி பொலியோ! டேய், நம்ம ஊர் பொலியோடா இது! பாரிஸ்காரனுக்கு எப்படித் தெரியும் அவன?"

"இல்லப்பா..."

"தார்ப்ளே ஐயா, தார்ப்ளே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொர்பினோ. அலுவலகத்துக்குப் போகிற வழியில் தினசரிச் சிரிப்பைச் சிரித்துவிட்டுப் போக வந்திருக்கிறார். அசல் முகம், படத்து முகத்துக்கு அரை அடி தள்ளி, அதே தாடைகளோடு.

"தார்ப்ளேவோ யாரோ, எங்க பொலியோ மாதிரியே இருக்கான்!" என்றார் அப்பா.

"எல்லா ஊர்லயும் ஒரு திருடன் இருக்கத்தான செய்வான் பெரியவரே!"

இருவரும் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். இரண்டே நிமிஷத்தில் அப்பா நத்தைப் பங்கு வாங்க வந்ததைச் சொல்ல, கொர்பினோ அவர் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டு, "வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன், இன்னும் கால் மணி இருக்கு" என்றார். அப்பா ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார். அந்த மரச்செருப்பின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"அப்பா!" என்று கத்தினேன். "கடைசி வரிசையப் பாருங்க! மரச்செருப்பு போட்டுக்கிட்டு நிக்கிறாரே, அவரு யாரு?"

அப்பா திரும்பி வந்து பார்த்தார். "இவனா? பக்கத்துத் தோட்டத்து ஷூலி. காதப் பாரு."

"அது நீங்க."

சிரிப்பு நின்றது. ஜன்னல் முன்னால் இருந்த பத்துப் பேரும் திரும்பினார்கள்.

"நானா?"

"நீங்கதாம்ப்பா. அந்தக் காது. தொப்பியக் கழட்டாம நிக்கிறத பாருங்க. ஃபிர்மேனுக்கு உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்கேன். சாராயக் கடையில உங்கள மாதிரி நடிச்சும் காட்டியிருக்கேன்."

அப்பா ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சரி. அது நானாவே இருக்கட்டும். என் காதுல தேன் ஊத்துறானே, இவன் யாரு?"

"ழாலாபெர்னு ஒரு பத்திரிகைக்காரன்."

"பத்திரிகைக்காரனாவது! கால்சட்டையில முட்டிக்கு மேல ஒட்டுப் போட்டிருக்கு பாரு. மூலைய உள்ள மடிச்சு, குறுக்கால நாலு தையல். இது உங்கம்மா போட்ட ஒட்டுடா. இதோ நீ போட்டிருக்கியே, இதே கால்சட்டை."

நான் குனிந்து என் முட்டியைப் பார்த்தேன். நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். நாலு தையல்.

ஒரு மாதமாக அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வசனம் எழுதியிருக்கிறேன். ஆல்பத்தில் அதன் ஓரத்திலிருந்து ழாலாபெர் என்ற பெயரை நானே மூன்று தடவை அழித்திருக்கிறேன்; அதில் ஒன்று என் கையெழுத்து.

"ஆனா உன்ன எதுக்குடா அந்த ஆளு தேன் ஊத்தறவனாப் போட்டான்?" என்றார் அப்பா.

பதில் சொன்னவர் கொர்பினோ, பெருமை பொங்க: "என்ன பெரியவரே, தெரியாதா? நம்ம அறிக்கைய எழுதினதே இந்தத் தம்பிதானே! 'தன் வீட்டைத் தானே சுமந்துகொண்டு'... என்னா எழுத்து! எழுபது பிராங்க் குடுத்தேன், தகும்!"

ஆமாம். எழுபது பிராங்க். மூன்று மாத வாடகை. வெறும் சொற்கள்தானே, யார் படித்து ஏமாறப்போகிறார்கள் என்று நினைத்தேன். காலையில் அறிக்கை எழுதினேன், மாலையில் அதைக் கேலி செய்யும் வசனம் எழுதினேன், இரண்டுக்கும் ஒரே பேனா. அப்பா திட்டுவார், அடிப்பார், அழுவார் என்று காத்திருந்தேன்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயின் ஒரு முனை மேலே போயிற்று. பிறகு மறுமுனை.

"இவனா?" என்றார் கொர்பினோவிடம். "நத்தையப் பத்தி இவனா எழுதினான்?"

"ஆமாமா!"

"ஐயா, இவன் நத்தையத் தொட்டாலே வாந்தியெடுப்பான்! ஆறு வயசுல ஒரு நத்தை இவன் கால் மேல ஏறிடுச்சுன்னு கிணத்தடியில நின்னு ஊரக் கூட்டினவன்! இவன் ஒரு நத்தையக்கூடத் தின்னதில்ல, தூக்கினதில்ல, பக்கத்துல போனதில்ல!" வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அந்த நத்தைய நம்பியா நான் தோட்டத்தக் குடுக்க வந்தேன்! இவங்கம்மா வேற அழுதாளே!"

ஜன்னல் முன்னால் இருந்த பத்துப் பேரும் சேர்ந்து சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே. கொர்பினோதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சந்தை மணி பன்னிரண்டு அடித்தது. அப்பா சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்து, பத்திரம் தரையில் விழுந்து, அதை எடுத்து மண்ணைத் தட்டி மறுபடி தலைமேல் வைத்துக்கொண்டார்.

"வாடா, வண்டிக்கு நேரமாச்சு. அந்தப் படத்துல ஒண்ணு வாங்கிக் குடு, வாத்தியாருக்குக் காட்டணும்."

"எத காட்டப்போறீங்க?"

"ஷூலியத்தான்! காது அப்படியே அவன்துதான்டா. நீ என்ன சொன்னாலும் சரி."

கொர்பினோ அடுத்த மாதம் பிரஸ்ஸல்ஸுக்குப் போய்விட்டார்; நத்தைகள் இன்னும் எங்கள் வேலியில்தான் ஊர்கின்றன. பூட்டிய அலுவலகத்தை உடைத்துத் திறந்த பங்குதாரர்கள் சுவரில் மிச்சமிருந்த அந்த ஒரே பொருளைப் பார்த்து, "அட, இது அப்படியே கொர்பினோ! இத்தனை நாள் கண்ணுல படலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்களாம். பின்னால் நின்ற வரிசையை அப்போதும் யாரும் பார்க்கவில்லை.

நான் மட்டும், அப்பாவை வண்டியேற்றிவிட்ட அன்று சாயங்காலமே கடைக்குத் திரும்பி, ஆல்பத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, தேன்காரனுக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் என் பெயரை எழுதினேன். இரண்டு வருஷத்தில் அந்தக் கடையில் முதல் தடவை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. நான் ஒருவன்தான் நேர்மையானவன் என்று தோன்றியது. மறுநாள் காலையில் அந்த ஆல்பத்தைத் துய்ஃபோ கேட்டு ஆள் அனுப்பினார். கொடுப்பதற்கு முன்னால் என்ன செய்தேன் என்கிறீர்கள்?

ரொட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஆகவே, வாசகரே, உங்களை நான் ஒன்றும் கேட்கவில்லை. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனத்தில் யாரோ ஒருவரின் பெயர் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் ஒருவர், உறவில் ஒருவர், அப்படியே அச்சு அசல். சரியாகத்தான் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் இந்தப் பக்கத்தை அவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவர் எந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்து, மெல்லத் திரும்பி, யாருடைய முட்டியைப் பார்க்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.